பணம், ஜிஎஸ்டி எண், அளவு: புராஜெக்ட் மாறினாலும் கூடவே வரும் டேட்டா கிளாஸ்களை எழுதுவது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் துணி வியாபாரிகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொடுப்பது என் வேலை. ஒருவருக்கு எழுதியதில் பெரும்பகுதி அடுத்தவருக்கு உதவாது. ஒருவருக்கு ஜாப் ஒர்க் கணக்கு முக்கியம், இன்னொருவருக்கு ஏற்றுமதி இன்வாய்ஸ். ஸ்கிரீன் மாறும், டேபிள் மாறும், ரிப்போர்ட் மாறும். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒரு வரிகூட மாறாமல் என்னோடு வருபவை சில சின்ன டேட்டா கிளாஸ்கள்தான், அதாவது சேர்ந்திருக்க வேண்டிய சில மதிப்புகளை ஒன்றாகப் பிடித்துவைக்கும் கிளாஸ்கள்: பணம், ஜிஎஸ்டி எண், அளவு, தேதி வரம்பு. இவற்றை எப்படி எழுதினால் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியும் என்பதை இங்கே சொல்கிறேன். உதாரணங்கள் பைத்தானில் இருக்கும். 2018-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து அதில் டேட்டாகிளாஸ் டெகரேட்டர் (கிளாஸுக்கு மேல் ஒரு வரியாக எழுதும் குறிப்பு) இருக்கிறது. ஜாவாவில் இதற்கு ரெக்கார்ட் உண்டு, 16-வது பதிப்பில் நிலையாகச் சேர்ந்தது. காட்லினில் டேட்டா கிளாஸ் என்றே பெயர். எழுதும் விதம்தான் வேறு, யோசனை ஒன்றுதான்.

ஒரு கிளாஸ் வேறு புராஜெக்ட்டுக்குப் போகுமா போகாதா என்று பார்க்க நான் செய்யும் சோதனை எளிமையானது. அந்த ஒரு ஃபைலை மட்டும் காலி ஃபோல்டரில் காப்பி செய்து, இம்போர்ட் செய்து, ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கிப் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கேட்டால், செட்டிங்ஸ் ஃபைல் இல்லை என்று அழுதால், வெப் ஃப்ரேம்வொர்க்கைத் தேடினால், அது அந்த புராஜெக்ட்டோடு ஒட்டிப்போன கிளாஸ். எதையெல்லாம் அந்த கிளாஸுக்கு வெளியே வைக்கிறோம் என்பதில்தான் மறுபயன்பாடு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் கிளாஸுக்குள் என்ன எழுதுவது என்பதைவிட, எதை எழுதாமல் விடுவது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஜிஎஸ்டி எண்

பல புராஜெக்ட்களில் இது வெறும் ஸ்ட்ரிங்காகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் டேபிளில் ஒரு காலம், இன்வாய்ஸில் ஒரு காலம், இடையில் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் 'நீளம் 15 இருக்கிறதா' என்று ஒரு இஃப். அந்த இஃப் ஐந்து இடத்தில் இருந்தால் ஐந்தும் ஐந்து மாதிரி இருக்கும்.

ஜிஎஸ்டி எண்ணுக்கு உள்ளேயே நிறையச் செய்தி இருக்கிறது. மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்து எழுத்துகள் அந்த வியாபாரியின் பான் எண். பதின்மூன்றாவது, அதே பானில் அந்த மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது வழக்கமான வியாபாரிகளுக்கு இசட் என்ற எழுத்து. கடைசி எழுத்து செக் டிஜிட், அதாவது மற்ற எழுத்துகளிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து.

அந்தச் செக் டிஜிட்டைக் கண்டிப்பாகச் சரிபாருங்கள். நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவது பாதி வேலைதான். கணக்கு இப்படி: முதல் 14 எழுத்துகளுக்கும் ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். எண்களுக்கு அதே எண், ஏ என்றால் 10, பி என்றால் 11, அப்படியே போய் இசட் என்றால் 35. இடமிருந்து வலமாக 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். வரும் ஒவ்வொரு பெருக்குத்தொகையையும் 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 70 வந்தால் ஈவு 1, மீதி 34, ஆக 35. இப்படி வந்த பதினான்கையும் கூட்டி, 36-ஆல் வகுத்து, மீதியை 36-இலிருந்து கழித்தால் செக் டிஜிட்டின் மதிப்பு கிடைக்கும். கூட்டுத்தொகை 221 என்றால் மீதி 5, 36-இல் 5 போக 31, அதாவது வி என்ற எழுத்து. மீதி பூஜ்ஜியம் வந்தால் செக் டிஜிட்டும் பூஜ்ஜியம். யாராவது பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ என்று டைப் செய்திருந்தாலும், ஏதாவது ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இது பிடித்துவிடும்.

இதை எங்கே எழுதுவது? பைத்தான் டேட்டாகிளாஸில் போஸ்ட்-இனிட் என்று ஒரு மெத்தட் உண்டு, ஃபீல்டுகள் நிரம்பியதும் அது தானாக ஓடும். சரிபார்ப்பு அங்கேதான் இருக்க வேண்டும். தப்பான எண் என்றால் வேல்யூ-எரர் எழுப்பிவிட வேண்டும், ஆப்ஜெக்டே உருவாகக் கூடாது. அப்புறம் உங்கள் நிரலில் எந்த ஃபங்ஷனுக்காவது ஒரு ஜிஎஸ்டி எண் ஆப்ஜெக்ட் வந்தால், அது சரியான வடிவில் இருக்கும் என்று நம்பி எழுதலாம். அந்த ஐந்து இஃப்களையும் அழித்துவிடலாம். எண்ணைச் சொல்லும் ஃபீல்டுக்கு ஸ்ட்ரிங் என்று டைப் குறிப்பு எழுதினால் பைத்தானே அதைக் கண்காணிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓடும் நேரத்தில் டேட்டாகிளாஸ் அந்தக் குறிப்பைச் சரிபார்ப்பதில்லை. வேண்டுமென்றால் போஸ்ட்-இனிட்டில் நாம்தான் பார்க்க வேண்டும்.

வாட்ஸப்பில் வந்த எண்ணை அப்படியே ஒட்டுவார்கள். நடுவில் இடைவெளி இருக்கும், சின்ன எழுத்தில் இருக்கும். அதைச் சுத்தம் செய்வதை நான் போஸ்ட்-இனிட்டில் வைப்பதில்லை. 'உரையிலிருந்து' என்று தனியாக ஒரு கிளாஸ்-மெத்தட் எழுதி, இடைவெளியை நீக்கி, பெரிய எழுத்தாக்கி, பிறகு கன்ஸ்ட்ரக்டரை, அதாவது ஆப்ஜெக்டை உருவாக்கும் ஃபங்ஷனை, கூப்பிடுவேன். கன்ஸ்ட்ரக்டர் கறாராக இருக்கும், தாராளம் காட்டுவதெல்லாம் அந்த மெத்தடில். மனிதர்கள் டைப் செய்யும் ஸ்கிரீன் இந்த மெத்தடைப் பயன்படுத்தும். டேட்டாபேஸிலிருந்து வருவது நேராக கன்ஸ்ட்ரக்டருக்குப் போகும், அங்கே அழுக்கு இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

சரி, இந்த கிளாஸில் இன்னும் என்ன இருக்கலாம்? மாநிலக் குறியீடு, பான் எண் என்று இரண்டு பிராப்பர்ட்டிகள். இரண்டுமே ஸ்ட்ரிங்கை வெட்டித் தருபவை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கை நிற்க வேண்டும். மாநிலக் குறியீடு கையில் இருப்பதைப் பார்த்ததும் 'இரண்டு எண்களும் ஒரே மாநிலமா, அப்படியென்றால் மத்திய அரசின் சிஜிஎஸ்டியும் மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டியும், இல்லையென்றால் மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கான ஐஜிஎஸ்டி' என்று ஒரு மெத்தடைச் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். வரியை முடிவு செய்வது சப்ளை நடக்கும் இடம், ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் அல்ல. கேரளத்தில் பதிவுள்ள கம்பெனியின் ஊழியர் சென்னையில் ஹோட்டலில் தங்கினால், அந்த பில்லுக்குச் சப்ளை இடம் தமிழ்நாடுதான். சென்னைக்குள்ளேயே இருந்தாலும் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள யூனிட்டுக்குச் சப்ளை செய்தால், இரண்டு பக்கமும் 33 என்றாலும் ஐஜிஎஸ்டிதான். இந்த விதியெல்லாம் வரி கணக்கிடும் மாட்யூலின் வேலை. விதி மாறும்போது அந்த மாட்யூல் மாறட்டும், எண்ணின் வடிவம் அப்படியே இருக்கட்டும். மாறும் விதியை மாறாத டேட்டாவுக்குள் வைத்தால் அந்த கிளாஸ் அடுத்த புராஜெக்ட்டுக்குப் போகாது.

பணம்

பில்லிங் நிரலில் பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண்களைத் தோராயமாக வைக்கும் வகை) வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஃப்ளோட்டில் 0.30000000000000004 வருகிறது. கடைக்காரருக்கு அது ஒரு பைசா வித்தியாசமாக எங்கோ ஒரு மாதக் கடைசியில் தலைகாட்டும், அதைத் தேடி உட்கார்ந்திருப்பது அவருடைய கணக்குப்பிள்ளை.

என் கிளாஸில் இரண்டே ஃபீல்டுகள்:

பணம்
  சில்லறை: முழு எண்
  நாணயம்: மூன்றெழுத்துக் குறியீடு

சில்லறை என்பது அந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகு. ரூபாய்க்குப் பைசா, டாலருக்கும் யூரோவுக்கும் சென்ட். எல்லா நாணயத்துக்கும் நூறால் பெருக்கினால் போதும் என்று எழுதிவிட வேண்டாம். ஜப்பான் யென்னுக்குத் தசம இடமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று தசம இடங்கள். எந்த நாணயத்துக்கு எத்தனை இடம் என்பதை அதே ஃபைலில் ஒரு சின்ன டிக்‌ஷனரியாக வைத்துக்கொள்வேன். பட்டியலில் இல்லாத நாணயம் வந்தால் ஆப்ஜெக்ட் உருவாகாது. யூகித்து 2 என்று எடுத்துக்கொள்வதைவிட அது நல்லது.

கூட்டல், கழித்தல் இரண்டையும் கிளாஸுக்குள்ளேயே எழுதுங்கள். நாணயம் வேறாக இருந்தால் எக்ஸெப்ஷன். ஏற்றுமதி செய்யும் பார்ட்டிக்கு ஒரே நாளில் ரூபாய் பில்லும் யூரோ பில்லும் போகும், மொத்தத்தில் இரண்டும் கலந்துவிடாமல் காப்பது இந்த ஒரு சோதனைதான். முழு எண்ணால் பெருக்கலாம். பணத்தைப் பணத்தால் பெருக்க வழியே இருக்கக் கூடாது, அந்த மெத்தடை எழுதாமல் விட்டாலே போதும். ரூபாயை டாலராக மாற்றுவதும் இங்கே கிடையாது. மாற்று விகிதம் ஒரு தேதியையும் ஒரு வங்கியையும் சார்ந்தது. பணத்துக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

பங்கு பிரிப்பதற்கு ஒரு மெத்தட் அவசியம் வேண்டும். 100 ரூபாய் தள்ளுபடியை மூன்று ஐட்டங்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 33.33, ஒரு பைசா காணாமல் போய்விடும். 10,000 பைசாவை மூன்றால் வகுத்தால் ஈவு 3,333, மீதி 1. அந்த மீதியை முதல் ஆளிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுங்கள்: 33.34, 33.33, 33.33. கூட்டினால் சரியாக 100. இதை ஒரே இடத்தில் எழுதி, டெஸ்ட்டும் எழுதிவிட்டால், தள்ளுபடி, லாரி வாடகை, பங்குதாரர் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் இதுவே உதவும்.

சதவீதம் கொஞ்சம் நுணுக்கமானது. 1,298.60 ரூபாய்க்கு 2.5 சதவீதம் சிஜிஎஸ்டி போடுவோம். பைசாவில் 1,29,860, அதில் 2.5 சதவீதம் 3,246.5 பைசா. பைத்தானின் ரவுண்ட் ஃபங்ஷன் பாதியை இரட்டைப்படை எண் பக்கம் தள்ளும், ஆகவே 3,246 வரும். கடையில் எல்லோரும் போடுவது மேல் பக்கம், 3,247. எஸ்ஜிஎஸ்டியிலும் இதே வித்தியாசம், ஒரே ஐட்டத்தில் இரண்டு பைசா. ஆகவே என் சதவீத மெத்தட், விகிதத்தை டெசிமலாகவும் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) எப்படி ரவுண்ட் செய்வது என்பதைத் தனி ஆர்கியுமென்ட்டாகவும் கேட்கும். டிஃபால்ட் கிடையாது. கூப்பிடுபவர் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது கூப்பிடுபவரின் தொழில் விதி.

திரையில் எப்படிக் காட்டுவது என்பதும் வெளியேதான். அதே தொகை உள்ளூர் பில்லில் 12,50,000 என்றும் வெளிநாட்டு இன்வாய்ஸில் 1,250,000 என்றும் அச்சாகும். ஃபார்மேட் செய்யும் ஃபங்ஷன் தனி ஃபைலில் இருக்கட்டும்.

உருவான பிறகு மாறக் கூடாது

மேலே சொன்ன எல்லா கிளாஸுக்கும் டெகரேட்டரில் ஃப்ரோசன் என்பதை ட்ரூ என்று கொடுக்கிறேன். கொடுத்தால் ஃபீல்டுக்குப் புது மதிப்பு போட முடியாது. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சரிபார்ப்பு பிறக்கும்போது மட்டும்தான் நடக்கிறது. பிறகு யாராவது உள்ளே கைவைக்க முடிந்தால் அந்தச் சரிபார்ப்புக்கு அர்த்தமில்லை. இரண்டாவது, ஒரே பணம் ஆப்ஜெக்டை இன்வாய்ஸும் லெட்ஜரும் பகிர்ந்துகொண்டிருக்கும். ஒருவர் மாற்றினால் மற்றவர் கணக்கும் சத்தமில்லாமல் மாறும். ஜாவாவின் பழைய டேட் கிளாஸ் இப்படித்தான் மாற்றக்கூடியதாக இருந்தது. வெளியே கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் காப்பி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2014-இல் ஜாவா 8-இல் வந்த புதிய தேதி-நேர கிளாஸ்கள் எல்லாமே மாறாதவை.

மாற்றம் தேவைப்பட்டால் ரிப்ளேஸ் ஃபங்ஷன் இருக்கிறது. பழைய ஆப்ஜெக்டிலிருந்து ஒரு ஃபீல்டை மட்டும் மாற்றிப் புதிய ஆப்ஜெக்டைத் தரும். அது கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே போவதால் போஸ்ட்-இனிட் சரிபார்ப்பும் மறுபடி ஓடும், அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ரோசன் மேலோட்டமானது. உள்ளே ஒரு லிஸ்ட் இருந்தால் அதில் அப்பெண்ட் செய்வதை அது தடுக்காது. லிஸ்ட் வேண்டிய இடத்தில் டூப்பிள் (உருவான பிறகு மாற்ற முடியாத லிஸ்ட் மாதிரி) வையுங்கள். லிஸ்ட் இருந்தால் அந்த ஆப்ஜெக்டை செட்டில் போடவோ டிக்‌ஷனரியின் கீ ஆக்கவோ முயலும்போது, ஹேஷ் எடுக்க முடியாமல் டைப்-எரரும் வரும்.

எது சமம், எது பெரிது

டேட்டாகிளாஸ் சமம் பார்க்கும் மெத்தடைத் தானே எழுதித் தந்துவிடும், எல்லா ஃபீல்டும் ஒன்றாக இருந்தால் சமம் என்று. பணத்துக்கு அது சரி. ஒரு நூறு ரூபாயும் இன்னொரு நூறு ரூபாயும் ஒன்றுதான். ஆனால் வாடிக்கையாளர், இன்வாய்ஸ் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. போன் நம்பர் மாறினாலும் அதே வாடிக்கையாளர்தான். அவற்றுக்கு அடையாள எண்ணை வைத்துத்தான் சமம் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வகையையும் ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள். எளிதாகப் பல புராஜெக்ட்டுக்குப் பயணிப்பவை முதல் வகை. இரண்டாவது வகை பெரும்பாலும் அந்தந்த புராஜெக்ட்டுக்கே உரியது, அதைப் பொதுவாக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

ஆர்டர் என்ற தேர்வை ட்ரூ ஆக்கினால் பெரிது சிறிது பார்க்கும் மெத்தட்களும் இலவசமாக வரும். பணத்துக்கு அதைத் தொடாதீர்கள். அது ஃபீல்டுகளை வரிசைப்படி ஒப்பிடும். முதல் ஃபீல்டு சில்லறை என்றால், 200 ரூபாய் 100 டாலரைவிடப் பெரிது என்று தயங்காமல் சொல்லிவிடும். ஒப்பிடும் மெத்தட்களை நாமே எழுதி, நாணயம் வேறென்றால் நிறுத்த வேண்டும்.

அளவு கிளாஸும் இதே அச்சுதான்: ஒரு எண், ஒரு அலகு. நிட்டிங் துணி கிலோவில் வரும், தைத்த பனியன் பீஸிலோ டஜனிலோ போகும். டஜனிலிருந்து பீஸுக்கு மாற்றுவது எப்போதும் 12, அதை உள்ளே வைக்கலாம். கிலோவிலிருந்து பீஸுக்கு மாற்றுவது துணியின் ஜிஎஸ்எம்மையும் (ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை) சைஸையும் பொறுத்தது, ஆகவே வெளியே. அலகு இல்லாத எண்ணைக் கைமாற்றிவிடுவது சின்ன விஷயம் அல்ல. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்ட்-விசை கணக்கில் தந்த எண்ணை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

இன்ஹெரிட்டன்ஸ் வேண்டாம்

'ஏற்றுமதிப் பணம்', 'உள்ளூர்ப் பணம்' என்று பணம் கிளாஸிலிருந்து சப்கிளாஸ் (அதன் ஃபீல்டுகளையும் மெத்தட்களையும் வாங்கிக்கொள்ளும் கிளாஸ்) போடும் ஆசை வரும். டேட்டா கிளாஸ்களில் நான் இதைச் செய்வதில்லை. பைத்தானின் சமம் மெத்தட் இரண்டும் ஒரே கிளாஸா என்று பார்க்கும். சப்கிளாஸ் என்றால், எல்லா மதிப்பும் ஒன்றாக இருந்தாலும் சமம் இல்லை. மேல் கிளாஸில் டிஃபால்ட் உள்ள ஃபீல்டு இருந்து, கீழே டிஃபால்ட் இல்லாத ஃபீல்டு சேர்த்தால் கிளாஸே உருவாகாது. 3.10 பதிப்பில் வந்த கேடபிள்யூ-ஒன்லி தேர்வு அதைத் தீர்த்தாலும் குழப்பம் குறையாது. ஜாவா ரெக்கார்டை யாரும் எக்ஸ்டெண்ட் செய்ய முடியாது, காட்லின் டேட்டா கிளாஸை ஓப்பன் என்று அறிவிக்க முடியாது. அந்த மொழிகளை வடிவமைத்தவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். சப்கிளாஸுக்குப் பதில், ஒன்றை இன்னொன்றுக்குள் ஃபீல்டாக வையுங்கள். இன்வாய்ஸின் ஒவ்வொரு ஐட்டத்துக்குள்ளும் பணம் இருக்கும், அளவு இருக்கும்.

அந்தக் கேடபிள்யூ-ஒன்லி தேர்வை வேறொரு காரணத்துக்காக நான் விரும்புகிறேன். மூன்று ஃபீல்டுக்கு மேல் இருந்தால் அதைப் போட்டுவிடுவேன். உருவாக்கும்போது ஒவ்வொரு ஃபீல்டின் பெயரையும் எழுத வேண்டியிருக்கும், நாளைக்கு நடுவில் டிஃபால்ட் உள்ள ஒரு ஃபீல்டைச் சேர்த்தாலும் பழைய நிரல்கள் உடையாது.

பாதி ஃபீல்டுகள் 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று இருந்தால், அது ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸ் என்று அர்த்தம். முகவரியில் உள்நாட்டுக்கு ஆறு இலக்க பின்கோடு, வெளிநாட்டுக்கு வேறு மாதிரி அஞ்சல் குறியீடு. இரண்டையும் ஒரே கிளாஸில் திணித்து 'வெளிநாடா' என்று ஒரு பூலியன் வைப்பதைவிட, இரண்டு கிளாஸாகப் பிரிப்பது சுத்தம்.

எல்லையில் மாற்றிக்கொள்ளுங்கள்

ஜேசனாக மாற்று, டேபிளில் சேமி, எக்ஸெலில் எழுது என்ற மெத்தட்களுக்கு டேட்டா கிளாஸில் இடமில்லை. பணத்தை நான் டேட்டாபேஸில் பைசாவாக வைக்கிறேன். இ-இன்வாய்ஸ் ஜேசனில் அது ரூபாயாக, தசமத்தோடு போக வேண்டும். ஒவ்வொரு வெளி உலகத்துக்கும் ஒரு மாற்றி ஃபங்ஷன், அந்தந்த மாட்யூலில். ஆப்ஜெக்டின் ஃபீல்டுகளை அப்படியே பெயரும் மதிப்புமாகத் தரும் ஆஸ்-டிக்ட் என்ற ஃபங்ஷனை வைத்து அப்படியே ஜேசன் அனுப்புவது வசதிதான், ஆனால் நாளைக்கு ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் எதிர்ப்பக்கத்து சாஃப்ட்வேர் உடையும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலில் இதையெல்லாம் கொண்டுவர வேண்டுமென்றால் பணத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் கிளாஸையும் டெஸ்ட்டையும் மட்டும் எழுதுங்கள்: வேறு நாணயத்தைக் கூட்டினால் எக்ஸெப்ஷன் வருகிறதா, பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் மூலத் தொகைக்குச் சமமா, கழிவுத் தொகை மைனஸில் இருந்தாலும் பங்கு பிரிகிறதா, யென் சரியாக வருகிறதா. பிறகு டேட்டாபேஸிலிருந்து படிக்கும் ஒரு ஃபங்ஷனில் பணம் ஆப்ஜெக்டைத் திருப்பிக் கொடுத்து, டெஸ்ட்களை ஓட்டி, எங்கெல்லாம் உடைகிறதோ அந்த இடங்களை மட்டும் சரிசெய்யுங்கள். அந்த ஒரு பாதை முழுக்க, படிப்பதிலிருந்து அச்சாகும் பில் வரை சரியான பிறகுதான் அடுத்த ஃபங்ஷன். ஜிஎஸ்டி எண்ணுக்கு வரும்போது பழைய டேபிளில் செக் டிஜிட் தவறான எண்கள் கண்டிப்பாக இருக்கும். கன்ஸ்ட்ரக்டரைத் தளர்த்தாமல், அவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து வாடிக்கையாளரின் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அவர் பார்ட்டிகளுக்குப் போன் போட்டுத் திருத்தித் தருவார்.